அலுவலகத்தில் இனம் பற்றி மனம்விட்டுப் பேசக் கூப்பிட்டால் போகலாமா?

கேள்வி இது: "சிங்கப்பூர் வந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் அலுவலகத்தில் சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிலிப்பீன்ஸ்காரர் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து இனம் பற்றி நேருக்கு நேர் பேசும் கூட்டம் நடத்தப் போகிறார்கள். என் பெயரும் பட்டியலில் இருக்கிறது. போகலாமா? போனால் என்ன பேசுவது? இப்படிப் பேசி எங்கேயாவது ஏதாவது மாறியிருக்கிறதா?"

போங்கள். ஆனால் கருத்து எதையும் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். உங்களுக்கு நடந்த ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சமூக மன்றங்களிலும் சில அலுவலகங்களிலும் இப்படிப்பட்ட கலந்துரையாடல்களைத் தொண்டூழியராகப் பன்னிரண்டு வருடமாக நடத்திக்கொடுத்து வருகிறேன். பாதிக்கு மேல் வீண் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீணாய்ப்போகும் கூட்டம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். முதலில் பேசுபவர் "எனக்கு எல்லா இனத்திலும் நண்பர்கள் இருக்கிறார்கள்" என்பார். அடுத்தவர் நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பர் வீட்டுக்குப் போன கதை. அதற்கடுத்தவருக்குத் தோசை பிடிக்கும், அதுவும் தேக்காவில் ஒரு குறிப்பிட்ட கடையில். ஒன்றரை மணி நேரத்தில் ரெண்டாங், முறுக்கு, அன்னாசிப்பழ டார்ட் எல்லாம் பேசித் தீர்ந்துவிடும். படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து. யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது.

இந்த ஊரில் இது இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய இனக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு இன்னும் 13 உயிர் போயிற்று. 1997 முதல் அதே ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். சீனப் பிள்ளை பாவாடை தாவணியிலும் தமிழ்ப் பிள்ளை பாஜு கூரோங் என்ற மலாய் உடையிலும் வரும். அழகாகத்தான் இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை மனத்தில் இரண்டு பாடம் சேர்ந்தே பதிகிறது: நல்லிணக்கம் நல்லது, அதைப் பற்றி நோண்டினால் கலவரம் வரும். வளர்ந்த பிறகு சீன நண்பர் ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாயைத் திறப்பதில்லை. நம்மாள் "ஜோக்தானே, இதுக்குமா கோபம்?" என்று கேட்டுவிடுவார்களோ என்று திறப்பதில்லை. நல்லிணக்கம் என்ற சொல்லே வாய்ப்பூட்டு ஆகிவிட்டது.

அதனால் பிரச்சினை பேச்சில் வராமல் வேறு வழியில் வெளியே வருகிறது. 2019 ஜூலையில் ஒரு மின்னணுக் கட்டண விளம்பரம் வந்தது. ஒரே சீன நடிகர் நான்கு வேடம். ஒரு வேடத்தில் முகத்தில் கறுப்பைப் பூசிக்கொண்டு, சட்டையில் "கே. முத்துசாமி" என்ற பெயர் அட்டை. அதை எத்தனை பேர் பார்த்து ஒப்புதல் தந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்த அறையில் ஒரு முத்துசாமி இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருப்பாரா என்பதுதான் என் கேள்வி. திறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதைக் கண்டித்துக் கெட்ட வார்த்தையோடு ராப் பாட்டுப் போட்ட அண்ணன் தங்கைக்குக் காவல்துறையின் நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை கிடைத்தது. 2021இல் நிலைமை இன்னும் மோசம். சுவா சூ காங்கில் வேகநடை போன 55 வயது இந்தியப் பெண்மணியை ஒருவன் இனத்தைச் சொல்லித் திட்டி நெஞ்சில் உதைத்தான். அந்த வருடம்தான் இன நல்லிணக்கத்துக்குத் தனிச்சட்டம் கொண்டுவரப்போவதாக அப்போதைய பிரதமர் தேசிய தின உரையில் அறிவித்தார். 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம், குற்றம் செய்தவர் சம்பந்தப்பட்ட சமூகத்தோடு பழகிக் கற்றுக்கொள்ள ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். வழக்கறிஞரும் நீதிபதியும் மட்டும் போதாது என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

இப்போது நடந்த கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

ஒரு சமூக மன்றம், பத்துப் பன்னிரண்டு பேர். ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர், பேருந்து ஓட்டுநராக இருந்தவர். வழக்கமான தோசை, ரெண்டாங் சுற்று முடிந்து அவர் முறை வந்தது. "எனக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல தம்பி," என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். ரயிலில் போய்க்கொண்டிருந்தாராம். எதிரே ஒரு சீனப் பாட்டி, பக்கத்தில் பேரன், அடங்காமல் ஆட்டம். பாட்டி இவரைக் காட்டிப் பையனிடம் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் ஏதோ சொன்னாள். பையன் சட்டென்று அடங்கிப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். "சேட்டை பண்ணினா அந்தக் கறுப்பு ஆள் பிடிச்சிட்டுப் போயிடுவான்னு சொன்னா. எனக்கு ஹொக்கியன் தெரியும்னு அவளுக்குத் தெரியாது."

யாரும் பேசவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நடத்துநர் பேசாமல் இருப்பதும் சில நேரம் நல்லதுதான், அன்று அது திறமையால் வந்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து எதிரே இருந்த சீனப் பெரியவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "நானும் என் பேரனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்." மன்னிப்புக் கேட்கவில்லை. ஓட்டுநரும் எதிர்பார்க்கவில்லை. "உனக்கு ஹொக்கியன் எப்படித் தெரியும்?" என்று மட்டும் பெரியவர் கேட்டார். பழைய காலத்துக் கிராமக் குடியிருப்பான கம்பத்தில் வளர்ந்தேன் என்றார் இவர். எந்தக் கம்பம் என்று ஆரம்பித்து இரண்டு பேரும் ஹொக்கியனில் போய்விட்டார்கள். மற்றவர்கள் காத்திருந்தோம்.

அந்தப் பெரியவரிடம் நேராகப் போய் "சீனர்கள் இந்தியர்களைத் தாழ்வாக நினைக்கிறீர்கள்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "நான் அப்படி இல்லை, எனக்கு இந்திய நண்பர்கள் இருக்கிறார்கள்" என்றுதான் பதில் வந்திருக்கும். உண்மையிலேயே இருந்திருப்பார்கள். கருத்தை மறுக்க ஆயிரம் வழி. ரயில் பெட்டியில் ஒரு பையன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டதை யார் மறுப்பது? கேட்பவர் செய்யக்கூடியது தன் வீட்டிலும் அது நடந்ததா என்று நினைத்துப் பார்ப்பதுதான்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும். முடியவில்லை. கூட்டத்தில் ஒரு மலாய்ப் பெண், தாதி வேலை, முப்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் கேட்டாள்: "அங்கிள், முதலில் உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டபோது புளோக்குக்குக் கீழே பங்களாதேஷ் ஊழியர்கள் உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒன்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா?" அவருக்கு நினைவிருந்தது. எனக்கும் இருந்தது. "அவங்க இருக்கிற பக்கம் பேத்தியை விளையாட விடறதில்லை" என்று சொல்லியிருந்தார். முகம் சுருங்கிவிட்டது. அது வேற என்றார். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை, அதுதான் அவளுடைய பெருந்தன்மை.

நம் ஆட்கள் இந்தக் கூட்டங்களுக்குப் பாதிக்கப்பட்டவர்களாகவே வருகிறார்கள். பாதிப்பு பொய்யில்லை. 2020 கணக்கெடுப்பில் இந்தியர் 9 விழுக்காடு, சீனர் 74.3 விழுக்காடு. இந்த விகிதத்தில் வாழும்போது நூறு சின்ன விஷயங்கள் தினமும் உறுத்தும். "இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற விளம்பரத்தை ஆறு வருடத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசுகிறோம்? சப்பமூக்கு என்ற சொல் எந்த மொழி? மலாய்க்காரர்கள் சோம்பேறிகள் என்று சொல்லும் தமிழர் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நிறம் என்ன பாடு படுகிறது? 2013 டிசம்பர் 8 இரவு லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தபோது, என் உறவினர்கள் பலர் மறுநாள் காலை முதல் வேலையாக அலுவலகத்தில் சொன்னது "அவர்கள் வேறு, நாங்கள் வேறு" என்பதுதான். அவர்கள் என்றால் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமான ஊழியர்கள். ஒரே மொழி, சில நேரம் ஒரே மாவட்டம். உங்களைப் போல வேலைக்காக வந்தவர்களைப் பற்றி இங்கே பிறந்த தமிழர் என்ன சொல்கிறார்கள், அவர்களைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதெல்லாம் இரண்டு பக்கமும் தெரிந்த ரகசியம். இதையெல்லாம் அலுவலகத்தில் போய்க் கொட்டச் சொல்லவில்லை. யாராவது உங்களிடம் அந்த மலாய்ப் பெண்ணைப் போல ஒரு கேள்வி கேட்டால் "அது வேற" என்று சொல்லிவிடாமல் இருங்கள், போதும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, எங்கேயாவது மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. ஆனால் எந்த நிலைமையில் மாறியது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் நார்த் கரோலைனா மாநிலத்தில் டர்ஹம் என்ற ஊர். 1971இல் வெள்ளை, கறுப்பினப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்ப்பது பற்றி ஊரே இரண்டாகக் கிடந்தது. பத்து நாள் தொடர்ந்து ஊர் மக்களை உட்காரவைத்துப் பேச ஏற்பாடு. நடத்தியவர் பில் ரிடிக் என்ற கறுப்பினத்தவர். அவர் செய்த துணிச்சலைப் பாருங்கள்: இணைத்தலைவர்களாக அவர் பிடித்துவந்தது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஊர்த் தலைவரான சி. பி. எல்லிஸையும், ஆன் அட்வாட்டர் என்ற கறுப்பினப் போராளியையும். ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் எல்லிஸைக் கத்தியை எடுத்துக் குத்தவே போனதாக அட்வாட்டர் பின்னாளில் சொல்வார். இரண்டு பேரும் ஏழைகள். எல்லிஸ் பெட்ரோல் நிலையம் நடத்திக் கடனில் இருந்தவர். அட்வாட்டர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர்.

அவர்களைச் சேர்த்தது இனம் பற்றிய விவாதம் என்றா நினைக்கிறீர்கள்? ஒருநாள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்திருந்தபோது பேச்சு பிள்ளைகள் பக்கம் போயிற்று. அப்பாவைச் சொல்லி எல்லிஸின் பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்தார்கள். அம்மாவைச் சொல்லி அட்வாட்டரின் பிள்ளையை. இரண்டு பிள்ளைகளும் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருந்தன. இரண்டு பெற்றோரும் அங்கேயே அழுதார்கள். பத்தாம் நாள் எல்லிஸ் கூட்டத்தின் முன்னால் தன் கிளான் உறுப்பினர் அட்டையைக் கிழித்துப் போட்டார். அதன்பிறகு அவருக்குப் பழைய நண்பர்கள் யாரும் இல்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்து, பெரும்பாலும் கறுப்பினத்தவர் இருந்த சங்கத்துக்கே நிர்வாகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2005இல் அவர் இறந்தபோது அட்வாட்டர் இறுதிச் சடங்கில் பேசினார். அட்வாட்டர் 2016 வரை இருந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் அட்டையைக் கிழித்ததோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பத்து நாள் என்பது. அதோடு, அவர்கள் இனம் பற்றி மட்டும் பேச உட்காரவில்லை. பள்ளியை என்ன செய்வது என்று முடிவெடுக்க உட்கார்ந்தார்கள். கையில் ஒரு வேலை இருந்தது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே இதை எழுதிவைத்தார்: வெவ்வேறு குழுவினர் பழகினால் வெறுப்புக் குறையும், ஆனால் அவர்கள் அந்த இடத்தில் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். 2006இல் பெட்டிக்ரூ, டிராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பழக்கம் வெறுப்பைக் குறைக்கிறது என்றுதான் மொத்தக் கணக்கு சொன்னது. ஆல்போர்ட் சொன்ன நிலைமைகள் இருந்தால் கூடுதலாகக் குறைகிறது.

இவற்றில் ஒன்றும் இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015 மார்ச்சில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்கக் கடைகளில் காப்பிக் குவளையில் இனம் பற்றி ஒரு வாசகம் எழுதிக்கொடுத்து வாடிக்கையாளரோடு பேச்சைத் தொடங்கச் சொன்னது. காலையில் வேலைக்கு ஓடுகிறவனிடம், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது! ஒரு வாரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2011 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டுக் கறிக்குழம்பு வாசனை பொறுக்கவில்லை. சமூக சமரச நிலையத்தில் இரண்டு வீட்டாரும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். சீனக் குடும்பம் வீட்டில் இல்லாதபோது மட்டும் இந்தியக் குடும்பம் குழம்பு வைப்பது என்று முடிவாயிற்று. ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர், சீனர்களும்தான், வேண்டுமென்றே வீட்டில் குழம்பு வைத்தார்கள். எங்கள் புளோக்கில் அன்று மின்தூக்கிக்குள்ளேயே மசாலா வாசனை. எனக்கும் பெருமைதான்.

ஆனால் விவரம் பிறகு வந்தது. அது பல வருடம் முந்தைய வழக்கு. தீர்வைச் சமரசம் செய்தவர் விதிக்கவில்லை, அந்த இரண்டு வீட்டாரே எட்டியது. அதில் பலர் கவனிக்காத இன்னொரு பாதியும் உண்டு: இந்தியக் குடும்பம் பதிலுக்கு, எங்கள் குழம்பை ஒருமுறை சாப்பிட்டாவது பாருங்கள் என்று கேட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். தன் வீட்டில் எப்போது சமைப்பது என்பதைப் பக்கத்து வீட்டார் முடிவு செய்யக்கூடாது. ஆனாலும் நான்கு சுவருக்குள் அவர்களுக்குள் என்ன நடந்தது என்பது வெளியே இருந்து கொதித்த நமக்குத் தெரியாது. சாப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பேச்சு போயிருக்கிறது. குழம்பு வைத்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்? நான் கொடுக்கவில்லை.

பக்கத்து வீடு என்றதும் இன்னொன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில் 1989 முதல் இன விகிதாசாரம் உண்டு. இந்தியர், மற்றவர் என்றால் ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, பேட்டையில் 12. சேர்ந்து வாழ வைத்தது அது, மறுக்கவில்லை. ஆனால் சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க நினைக்கும் இந்தியருக்குச் சீனர் வாங்க வந்தாலும் விற்க முடியாமல் போவதுண்டு, விலை இறங்கும். 2022 முதல் சில சமயம் கழகமே திரும்ப வாங்கிக்கொள்கிறது. நான் நடத்திய கூட்டங்களில் இதை எழுப்பியபோது சீன நண்பர்கள் பலர் முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள். மனம் புண்பட்ட கதைகளை மட்டும் பேசி, பணமும் வேலையும் வாடகையும் பேசாமல் விட்டால் கூட்டம் ஏதோ குழு சிகிச்சை மாதிரி ஆகிவிடும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. கூட்டத்துக்கு முன்னால் ஏற்பாட்டாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வட்டத்தில் யார் யார் உட்காருவார்கள், சொல்வதை யாராவது குறித்துக்கொள்வார்களா, இதே ஆட்களோடு இரண்டாவது அமர்வு உண்டா. உங்கள் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடும் மேலாளர் பக்கத்து நாற்காலியில் இருந்தால் அங்கே சமநிலை இல்லை. அப்போது லேசான சம்பவமாகப் பார்த்துச் சொல்லுங்கள், அல்லது கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள். அதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை. காயத்தைத் திறந்துகாட்டி மற்றவர்களுக்குப் பாடம் நடத்துவது உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இல்லை.

பேசுவதென்றால் "நீங்கள் எல்லாரும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அன்றைக்கு" என்று ஆரம்பியுங்கள். எந்த இடம், யார், என்ன வார்த்தை, நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள். சிரித்து மழுப்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள், நாம் எல்லாரும் மழுப்பியவர்கள்தான். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள், இதிலிருந்து என்ன தெரிகிறது என்று நீங்களே விளக்க வேண்டாம். யாராவது "அவர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார்" என்றால் வாதாடாதீர்கள். "இருக்கலாம். ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது" என்று விட்டுவிடுங்கள்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆங்கிலத்தில் இனம் பற்றிப் பேசினாலே எல்லாரும் பாடப்புத்தகம் ஆகிவிடுகிறோம். அந்த ஓட்டுநர் ரயில் கதையைத் தமிழில்தான் சொன்னார், நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் பேசி முடித்து நான் தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சீனப் பெரியவர் உட்பட. ஆங்கிலத்தில் திணறினால் நீங்களும் தமிழில் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டுநர் இரண்டாவது அமர்வுக்கு வந்தார். மலாய்ப் பெண்ணுக்கு இரவு வேலை, வரவில்லை. "அந்தப் பிள்ளை வரலியா?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். அவளிடம் சொல்ல ஏதோ வைத்திருந்தார் போலிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

உங்கள் அலுவலகத்தில் இரண்டாவது அமர்வுக்குத் தேதி குறித்தார்களா என்று பிறகு எழுதுங்கள்.